மிளகரும் ஒரு தும்மலும்

இதை எழுத நான் பல வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சிலுவை அடையாளம் போடுவேன், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் நடந்த ஒரு காரியத்தைச் சிரிப்பாக எழுதுவது பாவமா இல்லையா என்பது ஒரு தயக்கம். இன்னொன்று, நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்: மற்றவர் உயிரோடு இருக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று. அந்த மற்றவரும் போன மாரியில் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதுள்ள சுவாமியாரிடம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா கூட்டி எழுதாதீங்க" என்றார். எட்டாம் வகுப்போடு கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசுக்குப் பின்னால் போய் நின்றவன் நான். நிறுத்ததை நிறுத்தபடியே தருகிறேன்.

உலகத்தில் எல்லாரும் மிளகைத் தின்கிறார்கள். மிளகை நம்பியவர் எங்கள் மிளகர் ஒருவர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது என்ன என்று எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்கும் தெரியாது, கேட்கவேண்டிய தேவையும் வரவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில், ஓலைக்கூரை போட்ட ஒரு சாய்ப்பில் தனி ஆளாக இருந்தார். தொழில் வாசனை. பன்னீர், சென்ட், சந்தனக் குழம்பு எல்லாம் அவரே செய்வார். செப்பு வாலை ஒன்று வைத்திருந்தார். வாலை என்றால் அடியில் நெருப்பெரித்து, மூடியில் குழாய் பொருத்தி, ஏறுகிற ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிற பானை. குழாயின் மேல் நனைந்த சாக்கைச் சுற்றி, வாவித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருப்பார்.

வாவி ஓரத்தில் தாழம்பூவுக்குப் பஞ்சமில்லை. வெட்டிவேர் வாங்கலாம், சந்தனமும் வாங்கலாம். இவற்றைக் கொண்டு யாரும் சென்ட் இறக்கலாம், அதில் ஒரு புதுமையும் இல்லை. ஆனால் அவர் எல்லாவற்றிலும் கடைசியில் மிளகு சேர்ப்பார். நம் வீட்டுக் கறிக்குப் போடுகிற அதே கறுப்பு மிளகு. மலைநாட்டிலிருந்து சங்கக்கடைக்கு மூட்டையாக வரும். நான்தான் நிறுத்துக் கொடுப்பேன். அதை ஒன்றிரண்டாக இடித்து, வாலையில் போட்டு எண்ணெய் எடுப்பார். தண்ணீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிற அந்த எண்ணெயைக் கோழியிறகால் தொட்டுத் தொட்டு ஒரு சிறு போத்தலில் சேர்ப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் கதைக்கக்கூடாது. மூச்சுவிடுவதைக்கூட ஒருமாதிரிப் பார்ப்பார்.

"அண்ணன், இதென்ன விசர் வேலை? பூசினவன் தும்மித் தும்மியே செத்துப்போவான்" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, எரிவு ஆவியில ஏறாது. அது பானைக்கடியில கிடக்கும். வாசம் மட்டுந்தான் ஏறும்."

"அந்த வாசந்தான் என்னத்துக்கு?"

"வெறும் பூவாசம் குழந்தப்புள்ள மாதிரி. ஓடிப்போயிரும். ஆராவது ஒராள் கையப் புடிச்சுக்கொண்டு நிக்கவேணும். மிளகு நிக்கும்."

இதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட என் மனைவிக்கு, ஆவியில் ஏறிய பாதியைப் பற்றி அக்கறை இல்லை. "அண்ணன், அந்தப் பானைக்கடியத் தாங்க. ரசம் வெச்சுப் பாப்பம்" என்று கோப்பையை நீட்டினாள். அவரும் கொடுத்தார். அன்றைய ரசம் நாக்கைச் சுட்டது. ஆனால் வாசம் என்று ஒன்று இல்லவே இல்லை. சுடுதண்ணீரில் கோபத்தைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. காரம் இந்தப் பானையில் இருந்தால் அந்தப் போத்தலில் இருக்காது என்று அப்போதே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வயிறு நிறைந்ததும் மறந்துவிட்டோம்.

ஊர் நம்பியது ஒன்றே ஒன்றுதான்: மிளகர் பக்கத்தில் வந்தால் தும்மல் வரும். நம்பியபடியால் வந்தது. ஒரு கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் ஆள் தும்மினார். அதைப் பார்த்து இரண்டாவது ஆள் தும்மினார். மாப்பிள்ளையின் பெரியம்மா, "ஐயோ என்ட கண்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பொம்பிளை வீட்டார் தன்னைக் குருடாக்கப் பார்க்கிறார்கள் என்று வாசலிலேயே நின்றுவிட்டா. உள்ளே வர மறுத்தா.

மிளகர் செம்பை ஆட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, பன்னீர் முடிஞ்சு கனநேரம். இது கிணத்துத் தண்ணி."

பெரியம்மா முந்தானையை எடுத்தா. "கிணத்திலயும் மிளகு போட்டிரிக்கான்" என்றா.

இன்னொரு தடவை, சாய்ப்பிலிருந்து நாள்தோறும் ஆவி எழும்புவதைக் கண்ட யாரோ ஒரு நல்ல மனிதர், அங்கே கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சுகிறார்கள் என்று மதுவரிக்காரருக்குச் சொல்லிவிட்டார். காக்கிச் சட்டையோடு ஒரு உத்தியோகத்தர் வந்தார். ஒழுங்கை முழுவதும் வேலியில் தலையை வைத்துக்கொண்டு நின்றது.

"என்ன காய்ச்சிற?"

"வாசம், ஐயா."

"வாசத்த ஆர் குடிக்கிற?"

"ஒருத்தரும் குடிக்கிறல்ல. அதாலதான் நான் இப்பிடிக் கிடக்கிறன்."

உத்தியோகத்தர் சந்தேகத்தோடு வாலையின் மூக்கில் விரலை வைத்து நக்கினார். முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் எல்லாரும் அவருக்காக ஒரு அருள்நிறைமந்திரம் சொன்னோம். ஆனால் நக்கிய விரலைத் திரும்பத் திரும்ப மணந்துகொண்டே போனார். அடுத்த கிழமை சாரத்தோடும் சைக்கிளோடும் வந்து, பெண்சாதிக்கு என்று ஒரு போத்தல் வாங்கிப் போனார். மிளகருக்கு நிரந்தர வாடிக்கையாளர் என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பெரிய வெள்ளியன்று தன் சென்டை ஆண்டவரின் திருமேனியில் பூசவேண்டும்.

எங்கள் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வெள்ளி பின்னேரம், வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் ஏணிவைத்து ஏறி, ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். வெள்ளைத் துணியில் கிடத்தி வாசனை பூசுவார்கள். பிறகு சனம் வரிசையாக வந்து திருப்பாதத்தை முத்தி செய்யும், அதாவது முத்தமிடும். ஒவ்வொரு முத்திக்கும் பிறகு கோயில் மூப்பர் ஒரு துணியால் பாதத்தைத் துடைப்பார். அந்த இறக்குகிற இருவரில் ஒருவனாக என்னைப் பல வருடம் வைத்திருந்தார்கள். பூசுவது எப்போதும் கொழும்பிலிருந்து வரும் வெளிநாட்டு ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீர்.

"செத்துப்போன மகனுக்குத் தாய் ஓடிக்கொலோனா பூசுவா?" என்று மிளகர் ஒவ்வொரு தவக்காலமும் என்னிடம் கேட்பார். "அது சவரம் எடுத்த ஆளுக்குப் பூசிற சாமான். துக்கத்துக்கு ஒரு வாசம் இரிக்கி, தம்பி. அதுக்குள்ள கொஞ்சம் உறைப்புக் கிடக்கும்."

"மூப்பரிட்டச் சொல்லுங்க."

"சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"கோயில் என்ன கறி வைக்கிற குசினியா எண்டு கேட்டார்."

மூப்பரைப் பற்றி நான் குறைவாகச் சொல்லமாட்டேன். விடியமுன் கதவு திறப்பதிலிருந்து இரவு விளக்கு அணைப்பது வரை ஒரு சதம் வாங்காமல் அந்தக் கோயிலைப் பார்த்தவர். ஒரு மெழுகுதிரி சரிந்து நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. பெரிய மீசை, பெரிய குரல், சிரிப்புக்கு மட்டும் இடம் போதவில்லை.

பிறகுதான் வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்ற காலம் வந்தது. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை, செத்தல் மிளகாயைப் பவுண் மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். மிளகாய் இல்லாமல் கறிக்கு மிளகைத் தேடிய பெண்கள், மிளகர் மிளகை வாலையில் போட்டு ஆவியாக்குகிறார் என்று என் கடைவாசலில் வந்து திட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. கோயில் அலுமாரியில் ஓடிக்கொலோன் போத்தல் காலியாகக் கிடந்தது என்ற செய்தி மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது.

சுவாமியார் மிளகரைக் கூப்பிட்டார். நானும் போனேன். மூப்பர் ஏற்கெனவே அங்கே, கோபத்தோடு, நின்றார்.

"மிளகு போடாமச் செய்து தருவீங்களா?" என்றார் சுவாமியார்.

மிளகர் தலையைச் சொறிந்தார். "சுவாமி, நான் ரெண்டு போத்தல் செய்து கொண்டுவாறன். ஒண்டில மிளகு இரிக்கும். மற்றதில இராது. எது எண்டு சொல்லமாட்டன். நீங்க மணந்து பாத்து எடுங்க."

"என்ட மூக்க ஏமாத்தேலாது" என்றார் மூப்பர்.

குருத்து ஞாயிறு கழிந்து அடுத்த நாள் சோதனை. சுவாமியார், மூப்பர், மூன்றாவது மூக்காக என் மனைவி. ஒழுங்கையிலேயே மிளகரை அதிகம் திட்டியவள் என்பதால் அவளை நடுவராக வைத்தார்கள். முதல் போத்தலைச் சுவாமியார் மணந்தார். நல்ல இனிப்பு வாசம். "கலியாண வீடு மாதிரி இரிக்கி" என்றார். என் மனைவி மணந்து, "மாலையும் தாலியும் மட்டுந்தான் இல்ல" என்றாள். மூப்பர் மூக்கை வைத்தார். வைத்தவுடன் ஓலைக்கூரை கிளம்புகிற மாதிரி ஒரு தும்மல் போட்டார்.

"இதுதான் மிளகு. எடுத்து எறிங்க."

இரண்டாவது போத்தலைத் திறந்தார்கள். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மழை பெய்து விட்ட பிறகு சவக்காலைப் பக்கம் போனால் ஈரமண்ணும் வாடிய பூவும் கலந்து வருமே, அதற்குள் யாரோ நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு வாசம். சுவாமியார் போத்தலைக் கீழே வைக்காமல் இன்னொரு தடவை மணந்தார். என் மனைவி முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்தாள், "எரியல்ல" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

மூப்பர் ஆழமாக இழுத்துவிட்டு, "இது சுத்தமான வாசம். இத எடுப்பம்" என்றார்.

இந்த இடத்தில் மிளகர் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது, எதில் மிளகு என்று. அவர் போத்தலை மூடினார். திரும்பவும் திறந்தார்.

"சுவாமி, ஆண்டவருக்குப் பூசிற சாமான். அதில பொய் சொல்லப்படாது. மிளகு இதிலதான் இரிக்கி. மற்றதில இல்ல."

மூப்பர் முதல் போத்தலைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சுவாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பூசைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

"இதையே பூசுவம்" என்றார்.

மிளகர் வீடுவரை நடந்துதான் வந்தார், ஆனால் கால் நிலத்தில் பட்டதாக எனக்கு நினைவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. அன்று மணி அடிப்பதில்லை, மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். ஒரு குழந்தை சிணுங்கினாலும் வாவிக்கு அக்கரையில் கேட்கும், அவ்வளவு அமைதி. நாங்கள் சுரூபத்தை இறக்கிக் கிடத்தினோம். போத்தலைத் திறந்து நான் என் கையால் நெற்றியிலும் கையிலும் காலிலும் பூசினேன். வாசம் மெல்லப் பரவியது. முன்வரிசையில் அழுகை தொடங்கியது. வழக்கமாக அந்த அழுகை பாட்டுக்காரர் கேவின பிறகுதான் தொடங்கும். அன்று பாட்டுக்கு முன்னமே தொடங்கிவிட்டது.

சனம் வரிசையாக வந்தது. முத்தி செய்தது. ஒருவரும் தும்மவில்லை. அந்தக் கலியாண வீட்டுப் பெரியம்மா வந்தா, குனிந்தா, நிமிர்ந்தா, தும்மவில்லை. கோயிலின் கடைசியில் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்ற மிளகர் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் முத்தி செய்து முடியட்டும் என்று அவர் தன் முறையைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வைத்திருந்தார்.

சுரூபத்தின் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. மூப்பர் பாதம் துடைக்கிற துணி தேவைக்கு மேலே வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு துடைப்புக்கும் அதிலிருந்து மெல்லிய புகை மாதிரி ஒன்று எழும்பியது. பவுடர். சவரம் எடுத்தபின் அவர் முகத்துக்குப் போடுகிற பவுடர். மிளகு வாசம் மேலே வந்து கோயிலுக்கு அவமானம் வந்துவிடக்கூடாது என்று, நல்லெண்ணத்தோடு, ஒரு டின் முழுவதையும் துணியில் தட்டியிருந்தார். அவர் மீசை ஒரு பக்கம் நரைத்துக்கொண்டு வந்தது.

கடைசியில் மிளகர் வந்தார். முழந்தாளிட்டார். திருப்பாதத்தில் முகத்தை வைத்தார். எடுக்கவில்லை. நேரமாகிக்கொண்டு போனது. மூப்பர் பொறுமையிழந்து, துடைக்கத் தயாராகத் துணியை ஒரு உதறு உதறினார்.

அவரே தும்மினார்.

அது சாதாரணத் தும்மல் இல்லை. வாலிப வயதிலிருந்து கோயிலுக்குள் அடக்கி வைத்திருந்த எல்லாத் தும்மலும் ஒன்றாகப் புறப்பட்டது. முகட்டிலிருந்த புறாக்கள் பறந்தன. சனம் முழுவதும் தலையைத் தூக்கியது. எங்கேயோ ஒரு கிழவி, "மிளகு" என்றா. அந்த ஒரு சொல் வாங்கு வாங்காக, ஒவ்வொரு இருக்கை வரிசையாக, பின்னுக்கு ஓடியது. சிரிப்பை அடக்க முடியாத இளம் பெடியன்கள் குனிந்துகொண்டார்கள்.

மிளகர் எழும்பினார். அவர் மூக்கிலும் பவுடர் ஒட்டியிருந்தது. துணியைப் பார்த்தார். மூப்பரின் மீசையைப் பார்த்தார். மூப்பர் துணியைக் கையில் பிடித்தபடி, பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். மிளகர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். துணியை ஒரு தடவை தட்டிக் காட்டியிருந்தால் அதுகூட வேண்டாம்.

அவர் சனத்தின் பக்கம் திரும்பினார். "பிழை என்னிலதான். மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அதோடு முடிந்தது. அடுத்த வருடம் வெறும் பன்னீர் பூசினார்கள், அதற்கடுத்த வருடமும் அப்படியே. சுவாமியார் மாறிப் போனார். ஊரில் கதை வளர்ந்தது. முதலில் பத்துப்பேர் தும்மினார்கள், பிறகு பாதிக் கோயில் தும்மியது, வாவிக்கு அக்கரை வவுணதீவுப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, சுவாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரே தும்மியிருந்தார். அவர் அன்று எங்கள் கோயிலுக்கு வரவேயில்லை.

அந்தப் பெரிய வெள்ளி பொழுதுபடுகிற நேரம், சாய்ப்பு வாசலில் வைத்து நான் அவரோடு சண்டை பிடித்தேன். "ஏன் அண்ணன் அப்பிடிச் சொன்ன நீங்க? பவுடர் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மறுகா ஏன்?"

"மறுகா என்ன? சுரூபத்துக்குப் பவுடர் போட்டவர் எண்டு தெரிஞ்சா, நாளைக்கு ஊர் அவர மூப்பர் எண்டா கூப்பிடும்? பவுடர் மூப்பர் எண்டு கூப்பிடும். சாகும்வரைக்கும் அதான் பேர். அந்த மனுசன் தாங்கமாட்டார். எனக்கு ஏலவே பட்டப்பேர் ஒண்டு கிடக்குத்தானே. அதுக்கு மேல ரெண்டு மிளகு விழுந்தா எனக்குப் பாரம் தெரியாது." எழும்பி வாலையின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். "அவர் இருக்குமட்டும் நீயும் சொல்லப்படாது, தம்பி."

"உங்கட ஆசை?"

"பூசினதுதானே. ஒருக்காப் பூசினாப் போதும்."

வாக்குக் கொடுத்தேன். இருந்தாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு தவக்காலமும் அவர் தாழம்பூ பறித்தார், வாலையைத் துலக்கினார், ஒரு சிறு போத்தல் இறக்கினார். ஒருவரும் கேட்டு வரவில்லை.

மட்டக்களப்பையே புரட்டிப்போட்ட அந்தப் பெரிய சூறாவளிக்கு முந்தின வருடம் மிளகர் நித்திரையிலேயே போய்விட்டார். மரணச் சடங்கில் புதிய சுவாமியார் அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிச் செபித்தபோது, பாதிச் சனம் வேறு யாராவது செத்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தது. பெட்டியை மூடுகிற நேரம். மூப்பர் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் ஒரு போத்தல். அதே போத்தல். அன்று நான் பூசி மிஞ்சியதைக் கோயில் அலுமாரியில், திருப்பண்டங்களுக்குப் பின்னால், இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறார்.

துணி எதுவும் கொண்டுவரவில்லை. வெறுங்கையால் நெற்றியில் பூசினார், கைகளில் பூசினார், குனிந்து பாதங்களிலும் பூசினார். மிளகர் சொன்னதுபோலவே மிளகு நின்றிருந்தது. பூவாசம் எப்போதோ போய்விட்டது, அது மட்டும் நின்றது. மூப்பரின் மூக்கிலிருந்து நீர் வழிந்தது. பழைய அனுபவத்தில் நாங்கள் எல்லாரும் ஒரு அடி பின்னுக்குப் போனோம். அவர் தும்மவில்லை.

இதை வாசிக்கிற நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களாக இருந்தால் கட்டாயம் சொல்லுவீர்கள். தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். மேற்றிராணியாரைக் கொண்டுவர வேண்டாம். மூப்பரைப் பகிடி பண்ணவும் வேண்டாம், அந்தப் போத்தலைப் பத்திரமாக வைத்திருந்தவர் அவர். அன்று கோயிலில் தும்மல் ஒன்றே ஒன்றுதான், அது மிளகருடையது இல்லை. மிளகு மட்டும் அவருடையது.